தலைக்கணக்கும் வாக்குச்சீட்டும்

1952 மே மாதம் இலங்கையில் இரண்டாவது பொதுத் தேர்தல் நடந்தது. தொகுதி எல்லைகள் 1947 தேர்தலுக்கு வகுக்கப்பட்டவைதான். வகுத்தபோது வைத்த அளவுகோல் எளிமையானது: 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம். அந்த ‘75,000 பேர்’ என்ற கணக்குக்குள் தோட்டத்து லயங்களில் இருந்தவர்களும் அடக்கம். பசறையிலிருந்து மேலே ஏறினால் வரும் மடுல்சீமைத் தோட்டங்களின் காம்பராக்களில் கிடந்த குழந்தைகள் வரை எல்லாத் தலைகளும் அதில் சேர்ந்திருந்தன. அந்தத் தலைகள் சேர்ந்ததால்தான் மலைநாட்டுக்கு அத்தனை ஆசனங்கள் கிடைத்தன. ஆனால் 1952 இல் வாக்குச்சாவடி திறந்தபோது, அந்தத் தலைகளுக்கு உரியவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆசனம் அவர்களைக் கணக்கிட்டே உருவானது. அதில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்த அநீதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், சுதந்திரம் கிடைத்த கையோடு டி. எஸ். சேனாநாயக்கா பிரஜாவுரிமையைப் பறித்தார் என்பது. அது உண்மை. ஆனால் முழு உண்மையாகாது. ஒரு சட்டம் ஒரே நாளில் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களை நாடற்றவர்களாக்க முடிந்தது என்றால், அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அரசியல் எப்படிப் பிளவுபட்டுக் கிடந்தது என்று கேட்க வேண்டும். வெள்ளையர் வெளியேற வேண்டுமா என்பதில் இலங்கைத் தலைவர்களிடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. அவர்களை உண்மையில் பிரித்த கேள்வி வேறு: அவர்கள் போன பிறகு ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளப் போகிறவர்கள் யார்? 1928 முதல் 1948 வரையான சண்டைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியவை என்பதே என் வாதம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. பிரித்தானியப் பேரரசிலிருந்து முதலில் பிய்த்துக்கொண்டு போன அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றிலும் இதே பிளவு இருந்தது. பள்ளிப் புத்தகத்தில் நாம் படிப்பது, பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கட்ட மாட்டோம் என்று 1765 இல் முத்திரை வரியை எதிர்த்து எழுந்த ஒருமித்த குரலை. உள்ளே போய்ப் பார்த்தால் குரல்கள் பல. மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் கணிசமானோர். போர் முடிந்ததும் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். வடக்குக் கரோலினாவின் உள்நாட்டு விவசாயிகள் லண்டனை அல்ல, தங்கள் சொந்தக் கடலோரப் பெருந்தனக்காரரையே எதிர்த்து எழுந்து, 1771 இல் அலமான்ஸ் என்ற இடத்தில் தோற்கடிக்கப்பட்டார்கள். 1775 இல் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தபோது, விடுதலை என்ற சொல் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதே குழம்பிப்போனது. 1787 இல் அரசியலமைப்பு எழுதியபோது, பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிட அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. 1790 இல் இயற்றிய முதல் குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வந்தவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே கதவைத் திறந்தது.

அடிமைகள் விற்கவும் வாங்கவும்பட்ட மனிதர்கள். மடுல்சீமைத் தொழிலாளி கூலி வாங்கியவர். இரண்டையும் ஒன்றென்று சொல்வது இருவருக்குமே அநியாயம். ஆனால் தலையை எண்ணி வாயை அடைக்கும் அந்தக் கணக்கு முறை 1787 க்கும் 1952 க்கும் பொதுவானது. புதிய நாடு பிறக்கும்போது பழைய ஆட்சியின் பிளவுகள் தீர்ந்துவிடுவதில்லை; அவற்றில் யார் வென்றாரோ அவருடைய விடையே சட்டமாகிறது.

ஊவாவின் மலைச்சரிவைப் பார்த்தால் அந்தப் பிளவு நிலத்திலேயே எழுதியிருக்கும். கீழே பள்ளத்தாக்கில் வயலும் சிங்களக் கிராமமும். மேலே தேயிலை, தேயிலைக்கு நடுவே லயம், லயத்துக்கு மேலே துரை பங்களா. றோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை, மஹதோவ என்று மடுல்சீமையைச் சுற்றித் தோட்டப் பெயர்கள். கீழே உள்ள கிராமத்துக்கு ஒரு நினைவு உண்டு. 1815 இல் கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தின் பேரில் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817-18 இல் அதை எதிர்த்து எழுந்த பெருங்கலகத்தின் களம் ஊவாவும் வெல்லஸ்ஸவும். கலகம் அடக்கப்பட்டபோது வீடுகளும் வயல்களும் எரிக்கப்பட்டன. கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டார். பின் 1840 இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத சேனை நிலத்தையும் காட்டையும் அரசுக்கு உரியதாக்கி, கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க வழி செய்தது. கோப்பியை நோய் தின்ற பிறகு அதே நிலத்தில் தேயிலை வந்தது. தேயிலையோடு சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஊர்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்களும் வந்தன.

கிராமத்தானின் கோபம் நியாயமானது. இதைச் சொல்லாமல் மலையக வரலாற்றை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை. நிலத்தை எடுத்தவன் லண்டனில் பங்கு வைத்திருந்தான். அவனைக் கிராமத்தான் கண்ணால் கண்டதில்லை. கண்டது, விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடும் தமிழனையும் முதுகில் கூடை மாட்டிய தமிழச்சியையும். லயத்தில் இருந்தவனுக்கோ கிராமத்தில் ஒரு பேர்ச்சஸ் காணி கிடையாது. பத்துச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குக்கூட அவன் போக முடியாது. இருவரும் ஒரே கொள்ளையின் இரு பக்கங்களில் நின்றார்கள். அவர்களைச் சேர்த்துப் பேசக்கூடிய அரசியல் அன்று பிறக்கவேயில்லை என்று சொல்ல முடியாது. ஊவாவில் அது ஒருமுறை பிறந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1927-28 இல் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது ஒவ்வொரு பிரிவும் தன் தன் அச்சத்தோடு அதன் முன் போய் நின்றது. கண்டித் தேசிய சபை, கண்டிப் பகுதிக்குத் தனியான ஆட்சி வேண்டும், நாட்டை மூன்று பிரிவாக்கிச் சமஷ்டி அமைக்க வேண்டும் என்று கேட்டது. (சமஷ்டி என்றதும் பின்னாளில் யாழ்ப்பாணத்தையே நினைத்தார்கள், அதற்கு முன்பே கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்.) கரையோரச் சிங்களத் தலைவர்கள் தங்களைவிடப் படித்தவர்கள், பணக்காரர்கள் என்பது அவர்களுடைய ஓர் அச்சம், தோட்டத் தமிழருக்கு வாக்குக் கிடைத்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைமாறிவிடும் என்பது இன்னோர் அச்சம். 1919 இல் தொடங்கிய இலங்கைத் தேசிய காங்கிரஸ்கூட எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. கேட்டவர்களில் முதன்மையானவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. சாதாரண மக்களுக்கு வாக்குத் தரச் சொன்னது ஆணைக்குழுதான்.

அந்த வாக்கு லயத்தை எட்டும் என்றதும் ஒரே கலவரம். ஆளுநர் ஸ்டான்லி சமரசமாகக் கட்டுப்பாடுகளைப் போட்டார். நிரந்தர வதிவிடம் இலங்கைதான் என்று காட்ட வேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகுதி வேண்டும். அல்லது ஐந்தாண்டு வாழ்ந்ததைக் காட்டி, இந்தியப் பிரஜைக்குரிய சிறப்புப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுத்து, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும். இத்தனைக்கும் பிறகு 1929 டிசம்பரில் சட்டசபை டொனமூர்த் திட்டத்தை ஏற்றது 19 க்கு 17 என்ற இரண்டே வாக்கு வித்தியாசத்தில். இலங்கையின் சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது என்று பெருமையோடு சொல்கிறோம். ‘சர்வசன’ என்ற சொல்லுக்குள் யார் வருவார் என்ற தகராறு அந்த வாக்குரிமையின் தொட்டிலிலேயே இருந்தது.

இருந்தாலும் கதவு திறந்தது. 1931 இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்திய வாக்காளர் பதிவானார்கள். அட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சரானார். 1936 இல் அதே அட்டனிலிருந்து கோ. நடேசய்யர் வென்றார். 1939 வாக்கில் பதிவு இரண்டேகால் இலட்சத்தை எட்டியது. அந்த ஏற்றமே ஆபத்தானது. பதிவு அதிகாரிகள் வதிவிடத்தைப் பற்றிக் குடைந்து கேட்கத் தொடங்கினார்கள். 1943 இல் பட்டியல் ஏறத்தாழ 168,000 ஆகச் சுருங்கியது. நான்கு ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் காணாமல் போயின. 1948 ஐத் திடீர் இடி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வேறு கதவுகளும் சாத்தப்பட்டன. 1935 இன் காணி அபிவிருத்திச் சட்டம் அரசு நிலப் பங்கீட்டிலிருந்து அவர்களை விலக்கியது. கிராம சபைத் தேர்தல் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளருக்கு உள்ளூர் வாக்கையும் மறுத்தது. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை அனுப்பத் தொடங்கியதும், பதிலடியாக இந்திய அரசு ஆகஸ்டில் கூலியாட்கள் இலங்கைக்கு வருவதையே தடை செய்தது. அந்தத் தடைக்குப் பிறகு லயத்தில் இருந்தவர்கள் வந்துபோகிறவர்கள் அல்லர், தங்கியவர்கள். ஆனால் அரசியல் மேடைகளில் அவர்கள் வந்தேறிகள் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் உரத்தது.

லயத்துக்காகப் பேசியவர்கள் யார்? இங்கேயும் ஒற்றுமை இல்லை. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். பத்திரிகை நடத்தினார், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடியே தொழிலாளரைக் கூட்டியவர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலம் அது. துரைமாரையும் பெரியகங்காணிமாரையும் ஒருசேர எதிர்த்ததால் நடேசய்யருக்கு இரண்டு பக்கமும் பகை. முன்பு கூட்டாளியாக இருந்த குணசிங்கவும், பொருளாதார நெருக்கடி வந்து கொழும்பில் வேலை சுருங்கியபோது இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். வர்க்கம் பேசிய முதல் தொழிற்சங்கம் இனத்தில் உடைந்தது அப்போதுதான். அந்தக் காயம் ஆறவேயில்லை என்பது என் கருத்து.

மறுபக்கம் வணிகர்கள், பெரியகங்காணி வம்சத்தார், சொந்தத் தோட்டம் வாங்கியவர்கள். 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்தபோது பிளந்து கிடந்த இந்தியச் சங்கங்களை ஒன்றாக்கி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. வெவண்டன் தோட்டத்துக்காரர் மகன் தொண்டமான் அதில் வளர்ந்தார். குஜராத்திலிருந்து வந்த அஸீஸ் அதன் செயலாளர்களில் ஒருவரானார். 1940 இல் அது தொழிற்சங்கமும் தொடங்கியது. கங்காணியின் மகன் சங்கத் தலைவராவதும், கங்காணியிடம் கடன்பட்டவனின் மகன் அதில் சந்தா கட்டுவதும் ஒரே வீட்டில் நடந்த இரண்டு கதைகள். காங்கிரஸ் தொழிலாளருக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாக்குரிமையை ‘இந்தியர் உரிமை’ என்ற பெயரில் டில்லியின் துணையோடு கேட்டதா, ‘இந்நாட்டு உழைப்பாளர் உரிமை’ என்று கேட்டதா என்ற வேறுபாடு பின்னால் பெரிய விலை கேட்டது.

மூன்றாவது குரல் லங்கா சமசமாஜக் கட்சி. 1935 டிசம்பரில் தொடங்கியது. தோட்டத்துக்குள் அது நுழைந்த கதையில் 1937 இல் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரை ஆளுநர் நாடுகடத்த முயன்ற விவகாரம் முதலில் வரும். அந்த அவுஸ்திரேலிய இளைஞர் வேலை பார்த்தது மடுல்கெலையில். மடுல்சீமையில் என்று சிலர் மாற்றிச் சொல்வதுண்டு, இரண்டும் வெவ்வேறு மலை. ஊவாவின் அத்தியாயம் 1940 இல் வருகிறது. ஜனவரியில் கண்டிப் பக்கம் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். அந்தச் சாவைத் தொடர்ந்து எழுந்த தகராறில் அமைச்சரவையே ஆளுநர் கோல்டிகொட்டோடு மோதிப் பதவி விலகியது. ஒரு லயத்து மனிதனின் சாவு கொழும்பு ஆட்சியை ஆட்டியது அதுவே முதல் தடவை. அந்த ஆட்டத்தில் அமைச்சர்கள் பேசியது தங்கள் அதிகாரத்தைப் பற்றி. கோவிந்தனைப் பற்றி அல்ல.

மாதங்கள் போக வேலைநிறுத்தம் பதுளைப் பக்கம் பரவியது. பதுளையை ஒட்டிய வெவெஸ்ஸத் தோட்டத்தில் மே மாதம் நடந்தது மலையக வரலாற்றில் தனி நிகழ்ச்சி. தொழிலாளர் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்தார்கள். தோட்ட விவகாரங்களில் அந்தச் சபையைக் கலந்து நடக்கத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் துப்பாக்கிகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதே மே மாதம் பதுளையில் சமசமாஜக் கூட்டத்துக்குத் தடை போட்டார்கள், கொல்வின் ஆர். டி சில்வா தடையை மீறிப் பேசினார். ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதானார்கள். கொல்வினும் பிடிபட்டார். போரின் பெயரால் கட்சி அச்சகம் முடக்கப்பட்டது. 1942 இல் கட்சியே தடை செய்யப்பட்டது.

வெவெஸ்ஸவை நான் பெரிதாக்குவதற்குக் காரணம் உண்டு. கிராமமும் லயமும் சேர்ந்து பேசும் அரசியல் பிறந்தது என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். சிங்களம் பேசும் வழக்கறிஞர்களும் தமிழ் பேசும் கொழுந்து பறிப்பவர்களும் ஒரே எதிரியை நோக்கி நின்ற நாட்கள் ஊவாவில் இருந்தன. தேர்தலில் யாருக்கு வாக்கு என்பதற்கு முன்னால், தோட்டத்துக்குள்ளேயே யாருக்கு அதிகாரம் என்று கேட்ட தொழிலாளர்கள் அவர்கள். அதை அடக்கப் பொலிஸ் வந்தது. அதோடு தோட்டத்துரைமார் சங்கம் அதே ஆண்டு அங்கீகரிக்கத்தக்க சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தம் செய்துகொண்டது. தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது வரவேற்கத்தக்க முன்னேற்றம். அதே ஒப்பந்தம் இடதுசாரிச் சங்கங்களை வெளியே நிறுத்தி, காங்கிரசுக்கும் நடேசய்யருக்கும் தோட்டத்தைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. ஒரே லயத்தில் இரண்டு மூன்று சந்தாப் புத்தகங்கள் வந்தது இதற்குப் பிறகு.

வடக்கு எங்கே நின்றது? 1931 இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் தராத டொனமூர்த் தேர்தலைப் பகிஷ்கரித்தது. இனவாதமில்லாத உயர்ந்த நோக்கம்தான், ஆனால் அந்த நேரத்தில் அது வடக்கின் ஆசனங்களைக் காலியாக விட்டது. 1944 இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலம், புதிய அரசியலமைப்பு பற்றி ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்ற எல்லாச் சிறுபான்மையினருக்கும் பாதி. தோட்டத் தமிழர் இல்லாமல் அந்தப் பாதியின் கணக்கு நிற்காது. ஆனால் அவர்கள் அதில் எண்ணிக்கையாகத்தான் வந்தார்கள். தமிழ் உயர்குலத்தார் தோட்டத் தமிழரோடு சரிசமமாகப் பந்தியில் உட்காராத காலம் அது. வாக்கை மட்டும் சேர்த்துக்கொள்ள எப்படி முடியும்? சோல்பரி ஆணைக்குழுவோ குடிவரவும் வாக்குரிமையும் இலங்கையின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட்டது. பத்து இலட்சம் பேரின் தலைவிதியை, அவர்களை விரும்பாத பெரும்பான்மையிடம் ஒப்படைத்த வாசகம் அது.

1945 நவம்பரில் சேனாநாயக்கா சோல்பரித் திட்டத்தை அரசாங்க சபையில் ஏற்க வைத்தார். 51 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. இலங்கைத் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். எதிர்த்த மூவரில் ஒருவர் சிங்களவரான டபிள்யூ. தகநாயக்கா, மற்ற இருவர் இந்தியத் தமிழ் உறுப்பினர்கள். சுதந்திரத்துக்கு முந்திய பிளவின் மிகத் துல்லியமான படம் அந்த வாக்கெடுப்பில் இருக்கிறது. நாடே ஒன்றுபட்டது என்று வரலாற்று நூல்கள் அந்த 51 ஐக் கொண்டாடுகின்றன. அந்த ஒற்றுமைக்கு வெளியே தனியாக நின்றவர்கள் யார் என்பதை அந்த 3 சொல்கிறது.

1947 இல் பதுளைத் தொகுதி இரண்டு உறுப்பினர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. தெரிவானவர்கள், சமசமாஜக் கட்சியின் ஜே. சி. டி. கொத்தலாவலவும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவும். ஒரு சிங்கள இடதுசாரி, ஒரு தோட்டத் தமிழ்ப் பிரதிநிதி; 1940 இல் வெவெஸ்ஸவில் காணப்பட்டது வாக்குப்பெட்டியிலும் தெரிந்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், கொட்டகலையில் குமாரவேலு எனக் காங்கிரஸ்காரர்கள் வந்தார்கள். நடேசய்யர் தோற்றார், அந்த ஆண்டே காலமானார். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 இல் 42 மட்டுமே. தோட்டத்து வாக்கு காங்கிரஸ்காரர்களை வெல்ல வைத்ததோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளையும் தூக்கிவிட்டிருந்தது. தேர்தல் முடிந்ததும் கொழும்பில் எச். ஸ்ரீ நிஸ்ஸங்கவின் ‘யமுனா’ இல்லத்தில் எதிர்க்கட்சிகள் கூடி மாற்று அரசாங்கம் அமைக்கப் பேசின. இடதுசாரிகள் தங்களுக்குள்ளேயே பிரிந்திருந்தார்கள். பேச்சு சரிவரவில்லை. ஆனால் ‘யமுனா’வின் நிழல் சேனாநாயக்காவை விட்டு நீங்கவில்லை. 1948 இல் நடந்ததை வெறும் இனவெறுப்பு என்று மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வாக்குப்பெட்டியில் தெரிந்த அந்தக் கூட்டணியை முளையிலேயே கிள்ளுவதும் அதில் இருந்தது.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியை வைத்தது. மணமானவருக்கு 1946 க்கு முன் ஏழாண்டு இடையறாத வதிவு, மற்றவருக்குப் பத்தாண்டு. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. முதல் மசோதாவை எதிர்த்த பொன்னம்பலம், செப்டம்பரில் அமைச்சரானார், இரண்டாவதை ஆதரித்தார். அதற்கு எதிராகத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இடதுசாரிகள் மூன்று சட்டங்களையும் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்காக அவர்களுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பத்தைப் பகிஷ்கரித்தது. காலக்கெடு நெருங்கியபின் முடிவை மாற்றியது. அந்தக் கடைசி மாதங்களில் தோட்டங்களில் ஓடிய ஓட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டாண்டு கெடுவுக்குள் குவிந்தவை 237,034 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்து இருபத்துநான்காயிரம் பேர். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டுமே. இந்தியாவுக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் போய்வந்தது, மண்டபம் முகாமில் பதிந்த பெயரும் தோட்டத்துப் பெயரும் ஒன்றாக இல்லாதது, ஊருக்குப் பணம் அனுப்பியது எல்லாம் எதிரான சாட்சியங்களாயின. 1964 இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. மறுபடியும் தலைக்கணக்கு. 1977 இல் தொண்டமான் மக்கள் வாக்கால் மறுபடி நாடாளுமன்றம் போனது வரை தோட்டத்துக்கு வாக்கால் வந்த குரல் இல்லை. மிச்சமிருந்த நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை 2003 இல் சட்டமானது.

அந்த விண்ணப்பங்களுக்காக மடுல்சீமைப் பக்கத்து வீடுகளில் தகரப்பெட்டியைத் திறந்து எடுத்தவை இவை: தோட்டத்து செக்ரோலில் பெயர் இருப்பதாகத் துரை கையெழுத்திட்ட கடிதம், அரிசிக் கூப்பன் புத்தகம், பிள்ளையின் அம்மைப்பால் சீட்டு, தோட்டப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பதிவு, பழைய தோட்டத்துப் பத்துச்சீட்டு. தாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்கு அந்தக் காகிதங்களைவிடப் பெரிய அத்தாட்சி, காம்பராவின் வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் மலை முழுவதும் பச்சையாய் நின்றது. அதை இணைத்து அனுப்ப விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.